புள்ளி வைத்த பெயர்கள்

தமிழ் படித்தவர்கள் கணினி நிரலில் கைவைத்தால் என்ன ஆகும் என்று நண்பர்கள் கேலியாகக் கேட்பதுண்டு. எழுத்ததிகாரத்தை மறுபடி படிக்க நேரும் என்பதே நம் விடை.

நம் துறையில் சேர்ந்து கிடக்கும் பழைய சிற்றிதழ்களுக்குப் பொருளடைவு உருவாக்கும் பணியை மாணவர்களிடம் ஒப்படைத்தோம். ஒவ்வொருவரும் தாம் அடைவுபடுத்திய இதழைத் தம் பெயரில் பதிய வேண்டும். அந்தப் பதிவின் அடியில் அவர் பெயர் தமிழிலேயே நிற்க வேண்டும். இதற்கான சிறு தளத்தை ஜாங்கோ என்னும் கட்டமைப்பில் அமைத்தோம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில், ஒரு நாளிதழின் இணையப் பிரிவில் பிறந்து 2005-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது அது. பத்திரிகை வீட்டுப் பிள்ளை என்பதால் அதன்மேல் நமக்குத் தனிப் பிரியம்.

பயனர் பதிவுக்கு வேண்டிய காவல் ஏற்பாடுகள் அதில் முன்கூட்டியே உண்டு. கடவுச்சொல்லை அது உள்ளபடி சேமிப்பதில்லை. ஆளுக்கொரு தற்செயல் கோவையைச் சேர்த்து (நிரலாளர் இதை உப்பு என்றே அழைக்கின்றனர்) மீட்க முடியாத வடிவுக்கு அரைத்து வைக்கிறது. 2025-இல் வெளிவந்த 5.2 பதிப்பில் இந்த அரைப்பு 10 இலட்சம் சுற்று நடக்கிறது. தளத்தை நடத்தும் நமக்கே மாணவரின் கடவுச்சொல் தெரியாது என்பது பெரிய நிம்மதி.

சிக்கல் பெயரில் வந்தது. முதல் நாள் பதிவு செய்ய அமர்ந்த முதலாண்டு மாணவி ஒருவர் சற்று நேரத்தில் எழுந்து வந்து, "ஐயா, எம் பேர்ல இருக்கிறது எழுத்தே இல்லையாம்" என்றார். திரையில் சிவப்பு நிறத்தில் நின்ற செய்தியின் பொருள் இதுதான்: பெயரில் எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே இடம்பெறலாம். அவர் உள்ளிட்டது தூய தமிழ்ப் பெயர்.

ஜாங்கோ 2016-இல் வந்த 1.10 பதிப்பிலிருந்தே பிறமொழிப் பெயர்களை ஏற்கிறது. ஆனால் எது எழுத்து என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பைத் தான் எழுதப்பட்டுள்ள பைத்தான் மொழியிடம் விட்டுவிடுகிறது. ஒருங்குறியில் 'க' ஓர் எழுத்து. புள்ளியும் காலும் கொம்பும் சுழியும் அதனோடு சேரும் குறிகள். பைத்தானின் வழக்கமான சோதனை எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் ஏற்கும். சேரும் குறிகளை ஏற்காது. கணக்கிட்டுப் பார்த்தோம். உயிர் 12, அகரம் ஏறிய உயிர்மெய் 18, ஆய்தம் ஒன்று: ஆக 31 எழுத்துகளுக்கு மட்டுமே வாயில் திறக்கிறது. 247-இல் எஞ்சிய 216-க்கும் தடை. மலர்விழி என்னும் பெயர் உள்ளே போக வேண்டுமானால் 'மலரவழ' என்று போக வேண்டும்.

மெய் புள்ளி பெறும், புள்ளி நீங்கினால் அகரத்தோடு நிற்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபு. ஒருங்குறியின் அடுக்குமுறையும் ஏறக்குறைய அதுவே. அதில் நமக்குக் குறை இல்லை. ஏட்டுச் சுவடிகளில் ஓலை கிழியும் என்று புள்ளியை விட்டார்கள். பதிப்பாசிரியர்கள் பட்ட பாடு நாம் அறிந்ததே. இங்கோ புள்ளியோடு காலும் கொம்பும் சேர்ந்தே போயின. தேவநாகரிச் சொற்கள் இவ்வாறு துண்டாவதைச் சுட்டி 2007-இலேயே பைத்தானின் குறைப்பட்டியலில் ஒருவர் பதிந்திருக்கிறார். சேரும் குறிகளும் சொல்லின் உறுப்புகளே என்று ஒருங்குறிக் கூட்டமைப்பின் வழிகாட்டுதலும் கூறுகிறது.

கணினித் துறை நண்பர் எளிய வழி சொன்னார்: பயனர் பெயரை ஆங்கிலத்தில் வைத்துக்கொள்ளட்டும், தமிழ்ப் பெயரைக் காட்சிக்கு மட்டும் தனியே வாங்கிக்கொள்ளலாம். நடைமுறைக்கு அது போதும்தான். ஆயினும் ழகரத்துக்கு ஆங்கிலத்தில் எதை எழுதுவது என்று ஒவ்வொரு முறையும் தடுமாறுகிறவரிடம், வாசலில் வேறு பெயர் சொல், உள்ளே வந்தபின் உன் பெயரை வைத்துக்கொள் என்று தமிழ்த் துறையே சொல்வது நமக்கு ஒப்பவில்லை. ஜாங்கோவின் பயனர் வரையறையைத் தழுவி நமக்கென ஒன்று எழுதி, அதில் பெயருக்கான புலத்தையும் சோதனையையும் மாற்றினோம். தரவுத்தளத்தை உருவாக்கும் முன்பே இதைச் செய்துவிட வேண்டும்; பின்னர் மாற்றுவது பெரும்பாடு என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது.

வாயிலைத் திறந்தால் ஆள்மாறாட்டத்துக்கும் வழி திறக்கும். ஒருவர் பெயரைப் போலவே தோன்றும் பெயரில் இன்னொருவர் பதிந்து, அவர் பெயரால் பிழையான அடைவுகளைச் சேர்க்கலாம் அல்லவா? தமிழ் எண் ௧ பார்வைக்குக் ககரமே. ௮, ௭ ஆகியவையும் அப்படியே. எனவே பெயரில் தமிழ் எண்களைத் தடுத்தோம். 'கொ' என்பதை ஒரே குறியாகவும் கொம்பு, கால் என இரண்டாகவும் உள்ளிடலாம். பெயரில் இவ்விரண்டையும் ஜாங்கோ தானே ஒன்றாக்கிவிடுகிறது. கடவுச்சொல்லில் அந்தச் சீராக்கம் இல்லை. ஆகவே தமிழில் கடவுச்சொல் வைப்போர் எப்போதும் ஒரே தட்டச்சு முறையைப் பின்பற்றுமாறு படிவத்திலேயே குறிப்பு எழுதினோம்.

கௌரியும் கெளரியும்தான் நம்மை அதிகம் அலைக்கழித்தவர்கள். முன்னதில் இருப்பது ஔகாரக் குறி, பின்னதில் ளகரம். எந்தச் சீராக்கமும் இவற்றை ஒன்றாக்காது. பின்னதைத் தடுத்துவிடலாம் என்றால் வெள்ளையன் என்ன செய்வார்? ஒவ்வொரு பெயருக்கும் பின்னணியில் ஒப்பீட்டு வடிவம் ஒன்றைச் சேமித்தோம். அதில் கொம்பும் ளகரமும் சேர்ந்து வந்தால் ஔகாரக் குறியாகிவிடும். திரையில் வெள்ளையன் வெள்ளையனாகவே இருப்பார். ஒப்பிடும்போது மட்டும் அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறோம். கௌரி வந்தபின் கெளரிக்கு இடமில்லை.

மூத்த நண்பர் ஒருவர் இவ்வளவும் கேட்டுவிட்டு, கிரந்த எழுத்துகளை மட்டும் விலக்கிவிடலாமே என்றார். அவருடைய தமிழ்ப் பற்றை மதிக்கிறோம், அதற்கு இணங்கவில்லை. பெற்றோர் இட்ட பெயரைத் திருத்துவது பதிவுப் படிவத்தின் வேலை அன்று. ஸ்ரீ என்பதை ஸகரத்தாலும் எழுதலாம், பார்வைக்கு வேறுபாடின்றி ஶகரத்தாலும் எழுதலாம் என்பதால், ஒப்பீட்டு வடிவத்தில் அதற்கும் ஒரு வரி சேர்த்தோம்.