நடைவழியில் ஒரு பீப்பாய்

மும்பையில் தாதரை அடுத்த நாய்காவ் பி.டி.டி. குடியிருப்புக்குச் சில ஆண்டுகளுக்கு முன் எம் அலுவலக நண்பரைக் காணச் சென்றிருந்தோம். 1920களில் பம்பாய் வளர்ச்சித் துறை எழுப்பிய கட்டிடங்கள் அவை. குடும்பத்திற்கு 160 சதுர அடியில் ஓர் அறை, இருபுற அறைகளுக்கும் நடுவே ஒரே நடைவழி, கழிப்பிடமும் பொது.

அந்நடைவழியில் நண்பர் வைத்திருந்த தண்ணீர்ப் பீப்பாயால் எதிர்வீட்டு மராத்தியருடன் மூன்று மாதமாகப் பேச்சில்லை. “உள்ளே இடமேது, சொல்லுங்கள் சார்!” என்றார் எம்மிடம்.

அன்றிரவே எதிர்வீட்டு மூதாட்டிக்கு மூச்சுத் திணறியது. நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தோர் பீப்பாயருகே வழியின்றி நின்றனர். நண்பர் ஓடிவந்து, விடியலில் வரிசையில் நின்று பிடித்த நீரைக் கவிழ்த்து, பீப்பாயை அகற்றி, நாற்காலிக்கும் தோள் கொடுத்தார்.

மூதாட்டி பிழைத்தார். மறுநாள் பீப்பாய்க்கு அறைக்குள்ளேயே இடம் கிடைத்தது! வாசக அன்பர்களே, நம் வாயிலுக்கு வெளியே கிடப்பவற்றை இன்றே ஒருமுறை நோக்குவோமாக.