அகல டயரும் நம் பழைய இயற்பியல் பாடமும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் கார் வைத்திருப்பவர்கள், குறிப்பாக அலாய் வீல் மாற்றும் ஆசையில் இருப்பவர்கள், கடைசிவரை படித்துவிடுங்கள்.

என் தங்கை மகன் சேலத்தில் இருக்கிறான். மாதம் இரண்டு முறையாவது குடும்பத்தோடு ஏற்காடு போவான். அந்த மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். பின் சீட்டில் என் தங்கையும் இரண்டு பேரக்குழந்தைகளும். போன மாதம் வந்து, "மாமா, கடைக்காரர் 17 இன்ச் அலாய் போடச் சொல்றார். வண்டி கெத்தா இருக்கும், ரோட்டுல ஒட்டிக்கிட்டு ஓடும்ங்கிறார்" என்றான். ஆசைப்பட்டது தப்பில்லை. அழகாகத்தான் இருக்கும். "போடலாம்டா, முதல்ல கணக்குப் போட்டுப் பார்ப்போம்" என்றேன்.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அவன் வண்டியில் இருந்தது 185/65 ஆர்15 88எஸ். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. அதாவது 120 மி.மீ. 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88 என்பது சுமைக் குறியீடு, ஒரு டயர் 560 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ. வரைக்குமான டயர்.

கடைக்காரர் சொன்னது 215/45 ஆர்17. மொத்த விட்டத்தைக் கணக்கிட்டோம். பழையது 621 மி.மீ. சொச்சம், புதியது 625. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. ஸ்பீடோமீட்டர் சரியாகவே காட்டும். "பாத்தீங்களா மாமா, சரியாத்தானே இருக்கு" என்றான். அந்தக் கணக்கு சரிதான். ஆனால் விட்டம் மட்டும் பார்த்தால் போதாது.

பக்கச்சுவர் 120-லிருந்து 97 மி.மீ. ஆகிவிடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்தச் சுவரும் உள்ளிருக்கும் காற்றும்தான். அதில் 23 மி.மீ. போய்விட்டது. பெயின்ட் அடிக்காத வேகத்தடையும் மழைநீர் மூடிய குழியும் உள்ள நம் சாலைகளில் ரிம் வளைவதும் டயர் பக்கவாட்டில் புடைப்பதும் இதனால்தான்.

அடுத்தது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுக்கோடு ஒன்று வரைந்தால், அதிலிருந்து ரிம் வண்டியில் பொருந்தும் முகம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் அது. பழைய ரிம்மில் 45 மி.மீ., புதியதில் 38. எனவே சக்கரம் 7 மி.மீ. வெளியே தள்ளும். டயரும் 30 மி.மீ. அகலம் கூடுகிறது, பக்கத்துக்கு 15. ஆக வெளிப்புறம் 22 மி.மீ. துருத்தும், உள்புறம் 8 மி.மீ. நெருங்கும். பின் சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து, வீல் ஆர்ச் விளிம்பிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அளந்தோம். விளிம்புக்கும் டயருக்கும் இடையே இருந்தது 18 மி.மீ. ஆள் ஏறி ஸ்பிரிங் அமுங்கும்போது விளிம்பு டயரை அறுக்கும். கடையில் காலி வண்டியில் மாட்டிக் காட்டும்போது இது தெரியவே தெரியாது.

கதவைக் கீல் பக்கத்தில் தள்ளினால் நகராது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபமாக நகரும் என்று வகுப்பில் செய்து காட்டியது நினைவிருக்கிறதா? திருப்புத்திறன். சக்கரம் வெளியே நகர நகர, வண்டியின் எடை வீல் பேரிங்கை அதே மாதிரி நெம்புகிறது. ஸ்பேசர் வைத்தாலும் இதே கதைதான்.

இன்னொன்று. "சார், உராய்வு தொடுபரப்பைப் பொறுத்ததில்லைன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, அப்புறம் அகல டயருக்கு எப்படிப் பிடிப்பு அதிகம்?" என்று நம் குழுவில் ஒரு மாணவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அந்த விதி மரக்கட்டைக்கும் மேசைக்கும் ஏறக்குறையப் பொருந்தும். ரப்பர் நசுங்கி, சாலையின் சொரசொரப்புக்குள் புகுந்து பிடிக்கும். அதனால் அதற்கு முழுதாகப் பொருந்தாது. ஆனால் அகல டயர் போட்டால் தொடுபரப்பு பெரிதாகக் கூடிவிடுவதும் இல்லை. காற்றழுத்தம் அதேதான், எடையும் அதேதான். ஏறக்குறைய உள்ளங்கை அளவுள்ள அந்தப் பரப்பு, நீளம் குறைந்து அகலம் கூடுகிறது. காய்ந்த சாலையில் வளைவுகளில் நன்றாகப் பிடிக்கும், உண்மை. மழையில் அதே அகலம் அதிகத் தண்ணீரை விலக்கியாக வேண்டும். வேகமாகப் போனால் டயர் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கேட்காது. டயர் தேய்ந்திருந்தால் இன்னும் ஆபத்து.

கடைசியில் அவன் எடுத்தது 195/60 ஆர்15 88எச், 6 அங்குல அகல அலாய், ஆஃப்செட் அதே 45. விட்டம் 615 மி.மீ., ஒரு சதவீதம் குறைவு. வெளியே வருவது 5 மி.மீ. மட்டும். சுமைக் குறியீடு அதே 88. இதற்கு முன் 195/55 ஆர்16 என்ற அளவையும் பார்த்தோம். விட்டம் அச்சாகப் பொருந்தியது, ஆனால் கடையில் இருந்த டயரில் குறியீடு 87, அதாவது 545 கிலோ. வேண்டாம் என்று வைத்துவிட்டோம். கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

மாற்றுபவர்கள் இவற்றையும் பாருங்கள். ரிம்மின் நடுத்துளை வண்டியின் ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் சரியான அளவு ஹப் ரிங் போடுங்கள், இல்லையென்றால் ஸ்டீயரிங் நடுங்கும். நட்டுகள் அந்த ரிம்முக்கு உரியவையா என்று கேளுங்கள். எதிரெதிராக முறுக்கி, டார்க் ரெஞ்சால் முடிக்கச் சொல்லுங்கள். 100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பி எங்கேயாவது உரசுகிறதா என்று பார்க்காமல் கடையை விட்டுக் கிளம்பாதீர்கள். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்னதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு சொல்கிறது. அதனால் காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தங்கை போன ஞாயிறு ஏற்காட்டிலிருந்து போன் செய்தாள். சக்கரம் மாற்றியதே அவளுக்குத் தெரியவில்லை. மருமகனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். எனக்கு நிம்மதி.

உங்கள் டயரில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்று மாலை குனிந்து பாருங்கள். சந்தேகம் இருந்தால் அந்த எண்களைக் கீழே எழுதுங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம். மெக்கானிக் வேலையில் இருக்கும் என் மாணவர்கள், நான் விட்டுவிட்டது ஏதாவது இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் சார்