அண்ணனின் டில்லர்

எங்கள் வீட்டுப் பின்புறம் தகரக் கொட்டகையில் ஒரு பவர் டில்லர் நிற்கிறது. வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "சாருக்கு நிலம் எவ்வளவு?" என்று கேட்பார்கள். நிலம் கிடையாது. நாலு வாழை, ஒரு முருங்கை, என் மனைவி போட்டிருக்கும் கத்தரிப் பாத்தி, அவ்வளவுதான். அந்தப் பாத்தியில் டில்லரை இறக்கினால் பாத்தியும் மிஞ்சாது, சுற்றுச்சுவரும் மிஞ்சாது. சுவரை ஒருமுறை இடித்தும் இருக்கிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

வண்டி என் அண்ணனுடையது. பெங்களூர் வி.எஸ்.டி. கம்பெனி ஜப்பான் மிட்சுபிஷியோடு சேர்ந்து செய்த ரகம். முன்னால் படுக்கை வசத்தில் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின், பின்னால் மண்ணைக் கிளறும் ரோட்டரி, நடுவில் பெல்ட், கிளட்ச், கியர்பாக்ஸ். ஹேண்டில் போட்டுச் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். பாகூர் ஏரிப் பாசனத்தில் எங்கள் ஊர்ப் பக்கம் முதலில் வந்த நாலைந்து டில்லர்களில் அது ஒன்று. வந்த புதிதில் வேடிக்கை பார்க்கப் பிள்ளைகள் வரப்பு முழுக்க நிற்பார்கள்.

எங்கள் அப்பாவுக்கு இரண்டு பிள்ளைகள். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்கள் 1954ல் விட்டுப் போய், 1962ல் சட்டப்படியும் கைமாறிய பிறகும், அவருக்குப் பிரெஞ்சு மேல் இருந்த நம்பிக்கை போகவில்லை. உறவில் ஒருவர் சொல்தாவாக இருந்து பிரான்சிலிருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துப் பார்த்து வந்த நம்பிக்கை அது. என்னைப் பட்டணத்தில் பிரெஞ்சு வழிப் பள்ளியில் சேர்த்தார். அண்ணன் தமிழ்ப் பள்ளியில் எட்டாவதோடு நின்று ஏர் பிடித்தார். பௌதிக வகுப்பில் நாலு கட்ட இன்ஜினைப் பற்றி எங்கள் மிசே பாட்டு மாதிரி ஒப்பிக்கச் சொல்வார்: அத்மிஸியோன், கொம்ப்ரெஸியோன், தெத்தாந்த், எஷாப்மான். உள்ளே இழு, அழுத்து, வெடித்துத் தள்ளு, வெளியே விடு. நான் தடங்காமல் ஒப்பிப்பேன். இன்ஜினைக் கிட்டே போய்ப் பார்த்ததில்லை.

1973ல் அரசாங்க வேலையில் எழுத்தராகச் சேர்ந்தேன். பல இருக்கைகள் மாறி, 1984ல் விவசாயக் கருவிகளுக்கு மானியம் வழங்கும் பிரிவுக்கு வந்தேன். எத்தனையோ டில்லர் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதினேன். அப்போதும் டில்லரைத் தொட்டதில்லை.

அந்தக் கோப்புகளில் ஒன்று அண்ணனுடையது.

முறைப்படி நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது எந்தக் குமாஸ்தாவுக்கும் தெரியும். "மனுதாரர் என் உடன்பிறந்தவர், ஆகவே வேறு இருக்கைக்கு மாற்றலாம்" என்று ஒரு வரி எழுதி மேலே அனுப்பினால் முடிந்தது. நான் அதைச் செய்யவில்லை. எழுதினால் சிபாரிசு என்று நினைப்பார்களோ, பதவி உயர்வு நேரத்தில் யாராவது மொட்டைக் கடுதாசி போடுவார்களோ என்று பயம். கோப்பை அடுக்கின் அடியில் வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைத்தேன். பொங்கல் போனது, மாசி போனது. மார்ச் 31 வந்ததும் அந்த ஆண்டுக்கான பணம் காலாவதியாகிவிட்டது. அண்ணன் மானியம் இல்லாமலேயே டில்லர் வாங்கினார். அண்ணியின் நகையை அடகு வைத்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

என்னிடம் அவர் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். "உன் மேசையிலதான் இருந்துச்சாமே தம்பி?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டார். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

நான் 2011ல் ஓய்வு பெற்றேன். அண்ணன் 2013ல் போய்விட்டார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டாயிற்று, டில்லர் மாட்டுக் கொட்டகையில் கிடந்தது. மறு வருஷம் அண்ணன் மகன் அதைப் பழைய இரும்புக் கடைக்குப் போட விலை பேசிக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். "கடைக்காரன் கொடுக்கிறதை நான் கொடுக்கிறேன்" என்றேன். "எடுத்துக்கிட்டுப் போங்க சித்தப்பா, காசு எதுக்கு" என்றான். வற்புறுத்திக் கொடுத்தேன். நாலு பேர் சேர்ந்து மினி லாரியில் ஏற்றினோம்.

பிரித்துப் பார்த்தால் ஏர் கிளீனருக்குள் எலி குடித்தனம் நடத்தியிருந்தது. டீசல் டேங்கின் அடியில் துரு சேறாக இருந்தது. இன்ஜின் சுற்றவே இல்லை, பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொண்டிருந்தது. கடலூரில் ஒரு பெரியவர், நாற்பது வருஷமாக டீசல் இன்ஜின் வேலை பார்ப்பவர், எனக்குக் குருவாக வாய்த்தார். "ஐயா, அவசரப்பட்டுச் சம்மட்டியால அடிச்சா பிஸ்டன் போயிடும். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊத்தி ஊற வைங்க" என்றார். நாஸிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாக ஊற்றினேன். தினமும் காலையில் ஃப்ளைவீலைப் பிடித்து அசைத்துப் பார்ப்பேன். பத்தொன்பதாம் நாள் ஒரு விரல்கடை அளவு நகர்ந்தது. அன்று நான் போட்ட சத்தத்தில் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள்.

ரிங் புதிது, லைனர் புதிது, ஹெட் கேஸ்கெட் புதிது. வால்வுகளைப் பசை தடவி நானே தேய்த்து உட்கார வைத்தேன். டேங்கில் கூழாங்கல்லையும் டீசலையும் போட்டுக் குலுக்கிக் குலுக்கித் துருவை எடுத்தேன். நாஸிலையும் பம்பையும் மட்டும் பெரியவரிடம் விட்டேன், அது என் போன்றவர்கள் கை வைக்கிற இடமில்லை. எட்டு மாதம் ஆயிற்று.

எல்லாம் பூட்டிய பிறகும் இரண்டு நாள் அது ஸ்டார்ட் ஆகவில்லை. ஹேண்டில் அடித்து அடித்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். மூன்றாம் நாள் பெரியவர் வந்தார். டீசல் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்தினார். நுரையாகக் குமிழி வந்தது. "ஏர் எடுத்தீங்களா?" என்றார். எடுக்கவில்லை. டீசல் பாதையில் துளிக் காற்று இருந்தாலும் பம்பின் அழுத்தம் அந்தக் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், நாஸில் தெளிக்காது. குமிழி நின்று சுத்த டீசல் வந்ததும் நட்டை இறுக்கினார். டீகம்ப்ரஷன் லிவரைத் தூக்கிப் பிடித்தபடி சுற்றச் சொன்னார், கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக்கொண்டு. வேகம் ஏறியதும் லிவரை விட்டார். டப் என்றது, நின்றது. மறுபடி டப், டப், அப்புறம் டபடபவென்று பிடித்துக்கொண்டது. கொட்டகை முழுக்கக் கறுப்புப் புகை. மிசே சொல்லிக்கொடுத்த நாலு சொல்லும் ஐம்பது வருஷம் கழித்து என் உள்ளங்கைக்கு வந்து சேர்ந்தன.

சுவர் இடிந்தது அந்த வாரம்தான். எங்கள் கொல்லை வாசலை நோக்கிச் சரிவு. டில்லரில் இரண்டு கைப்பிடியிலும் திரும்புவதற்கு ஒவ்வொரு கிளட்ச் உண்டு. சமதரையில் இடதைப் பிடித்தால் இடது பக்கச் சக்கரத்துக்கு விசை போகாது, வண்டி இடப்பக்கம் திரும்பும். இறக்கத்தில் நேர் எதிர். விசை அறுந்த சக்கரம் தன்பாட்டில் உருண்டு ஓடும், மற்றதை இன்ஜின் பிடித்து வைத்திருக்கும், வண்டி வலப்பக்கம் போகும். அண்ணன் மகன் போனில் சொன்னதை நான் பாதிதான் கேட்டேன். மீதியைச் சுவர் சொல்லிக்கொடுத்தது.

முதல் முறையாக வயலில் இறக்க ஊருக்கே கொண்டுபோனேன். குத்தகைக்காரர் அரை மணி ஓட்டினார். சத்தம் கேட்டு அண்ணி வரப்புக்கு வந்துவிட்டார். கையில் டீத் தூக்கு. அண்ணன் ஓட்டும் காலத்தில் சத்தம் கேட்டதும் டீ எடுத்துக்கொண்டு வருவது வழக்கமாம், கால் தானாக வந்துவிட்டது என்றார். எல்லாருக்கும் ஊற்றினார்.

அங்கேயே சொன்னேன். கோப்பு என் மேசையில் இருந்ததை, நான் அதை அடியில் வைத்ததை, பயந்ததை. முப்பது வருஷம் கழித்துச் சொன்னேன்.

"தெரியும்" என்றார் அண்ணி. "கம்மலை அந்த வருஷமே மீட்டுட்டோம். அட்டிகையைத்தான் மீட்க முடியல."

அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. தூக்கைக் கழுவி எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அதிலிருந்து ஒவ்வொரு நடவுக்கும் முன்னால் வண்டியைப் பார்த்துத் தயார் செய்து ஊருக்கு அனுப்புகிறேன். குத்தகைக்காரர் கொடுக்கும் வாடகை அண்ணியிடம் போகிறது. மற்ற நாளில் கொட்டகையில்தான் நிற்கும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆயில் மாற்றுவேன். டேங்கை நிரப்பியே வைப்பேன், காலி இடம் இருந்தால் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும். நிறுத்தும்போது ஃப்ளைவீலைக் கையால் சுற்றி, பிஸ்டன் அழுத்தத்தின் உச்சியில் வரும் இடத்தில் விடுவேன். அப்போது இரண்டு வால்வும் மூடியிருக்கும், மழைக்காலத்து ஈரம் உள்ளே புகாது.

இந்த வருஷம் ரோட்டரிப் பக்கத்து ஆயில் சீல் கசிகிறது. அளவை எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை கடலூர் போக வேண்டும்.