சாலை எங்கே முடிகிறது?



சென்ற வாரம் வாலிபர் கூட்டத்தில் ஒரு தம்பி என்னிடம், "ஐயா, ஊழியத்தில் நீங்கள் செய்த எந்தக் காரியத்தை நினைத்து இன்றும் வருந்துகிறீர்கள்?" என்று கேட்டார். உடனே விடை சொல்ல இயலவில்லை. வீடு திரும்பியபின் நினைவுக்கு வந்தது ஒரு தார்ச்சாலை. அதைக் குறித்தே இவ்வாரம் எழுதுகிறேன்.

ஏறக்குறைய பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் கரிசல் பூமியில் ஒரு கிராமச் சேகரத்தில் ஊழியம் செய்துவந்தேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து ஆலயத்துக்கு இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. மழை பெய்தால் சைக்கிள் சக்கரம் உருளாது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். ஆலயத்தைத் தாண்டினால் ஓர் ஓடை. ஓடைக்கு அப்பால் முப்பது வீடுகள். அங்கிருந்தவர்கள் யாவரும் கூலி வேலை செய்கிறவர்கள். அவர்களில் பாதிப்பேர் நம் சபையார். ஊரார் அந்த இடத்தைக் 'காலனி' என்று மட்டுமே சொல்வார்கள். அச்சொல்லுக்குள் என்ன அடங்கியிருக்கிறது என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

சாலை கேட்டு மூன்று ஆண்டுகள் மனுக்களோடு அலைந்தோம். ஒருவழியாக அனுமதி கிடைத்தது. அளவெடுக்க வந்த பொறியாளர் ஆலய வாசலில் நின்றுகொண்டு என்னிடம் சொன்னார்: "ஐயா, ஒதுக்கிய தொகையில் ஓடைக்குப் பாலம் கட்ட முடியாது. பாலத்தையும் சேர்த்துத் திருத்தி எழுதிக் கொடுத்தால் இன்னும் ஓராண்டு தாமதமாகலாம். இல்லையென்றால் சாலையை இங்கேயே முடித்துவிடலாம். என்ன சொல்கிறீர்கள்?" கிறிஸ்துமஸ் பண்டிகைக்கு மூன்று மாதங்களே இருந்தன. பேராயர் வருவதாகவும் இருந்தது. நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. "கோயில் வரைக்கும் வந்தால் போதும். மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றேன். ஓடைக்கு அப்பால் இருந்தவர்களில் ஒருவரையும் நான் கேட்கவில்லை.

சாலை வந்தது, ஊர் மாறிற்று. பால் வண்டி வாசலுக்கே வந்தது. மேல்நிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மழைநாளிலும் நிற்கவில்லை. சாலையோரத்து நிலத்தின் விலை ஏறியது. அங்கே வாரத்துக்குப் பயிரிட்டுவந்த காலனிக் குடும்பங்களிடமிருந்து நிலத்தைத் திரும்ப வாங்கி, உரிமையாளர்கள் மனைகளாகப் பிரித்து விற்றார்கள். காய்கறிக் கூடையைத் தலையில் சுமந்து சந்தைக்குக் கொண்டுபோய்க் கூலி பெற்ற பெண்களுக்கு அந்த வேலை இல்லாமற்போயிற்று. லோடு ஆட்டோ ஒரே நடையில் அத்தனையையும் ஏற்றிச் சென்றது. இவை யாவும் என் கண்முன் நடந்தன. ஆனாலும் அவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

மறு ஆண்டு ஐப்பசி மழையில், ஓர் ஆராதனைக்கும் தவறாத ஒரு பாட்டியம்மா மூன்று வாரம் வரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலுக்கு மேல் ஓடிய தண்ணீரைக் கடந்து பார்க்கப் போனேன். காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்கள்: "ஐயா, முன்ன அம்புட்டு பேருக்கும் சகதிதான். அம்புட்டு பேரும் செருப்பக் கையில புடிச்சிக்கிட்டுதான் கோயிலுக்கு வருவோம். இப்ப எங்க காலுல மட்டுந்தான் சகதி. உள்ள வர வெக்கமா இருக்கு."

அவர்கள் அதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னார்கள். இறையியல் கல்லூரியில் சமத்துவத்தைக் குறித்துப் பல நூல்கள் கற்றவன் நான். எனினும் பாதிவழியில் நின்றுபோகும் ஒரு நன்மை, எட்டாதவர்களை இருந்த இடத்திலேயே விட்டுவைப்பதில்லை, முன்பிருந்ததைவிடக் கீழே தள்ளிவிடுகிறது என்பதை அந்தத் திண்ணையில்தான் கற்றேன்.

பிரியமானவர்களே, இது ஒரு கிராமத்தின் கதை மட்டுமன்று. நம் நாட்டில் பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டம் 2000ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் தொடங்கப்பட்டது. லட்சக்கணக்கான கிலோமீட்டர் சாலைகளைத் தந்த நல்ல திட்டம் அது. சாலை வந்த ஊர்களில் பிள்ளைகள் கூடுதல் ஆண்டுகள் பள்ளியில் நீடித்தார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகத் தேவனை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் அத்திட்டத்தில் இணைக்கப்படுவதற்குச் சமவெளியில் ஒரு குடியிருப்பில் 500 பேராவது இருக்க வேண்டும். மலை, பாலைவன, பழங்குடிப் பகுதிகளில் 250 பேர். பணம் குறைவாயிருக்கையில் எங்கேனும் ஒரு கோடு கிழித்தாக வேண்டும் என்பது நியாயமே. எனினும் 499 பேர் வாழும் ஊரில் பிரசவ வலி குறைவாக இருப்பதில்லை. சிறிய குடியிருப்புகள் பெரும்பாலும் யாருடையவை? மலைவாழ் மக்களுடையவை, ஊரைவிட்டுத் தள்ளிவைக்கப்பட்டவர்களுடையவை. எண்ணிக்கை சாதி பார்ப்பதில்லை என்று நாம் எண்ணுகிறோம். பழைய விலக்கம் அந்த எண்ணிக்கைக்குள்ளேயே ஒளிந்திருக்கக்கூடும்.

2023ஆம் ஆண்டு மே மாதம் வேலூர் மாவட்டத்து மலைக்கிராமம் ஒன்றில் பாம்பு கடித்த ஒரு குழந்தை மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே இறந்துபோயிற்று. மேலே செல்லச் சாலை இல்லாததால் ஆம்புலன்ஸ் பாதியில் நின்றுவிட, உடலைத் தாய் கையில் ஏந்தி நடந்த செய்தியை நீங்களும் வாசித்திருப்பீர்கள். அந்தச் செய்தியை வாசித்த நாளில் நான் என் ஓடையை நினைத்தேன்.

சாலை வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. இத்திட்டத்தின் சாலைகளை ஆராய்ந்து, பொருளாதார அறிஞர்கள் சாம் ஆஷர், பால் நோவோசாட் ஆகிய இருவரும் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். சாலை வந்தபின் மக்கள் வயல் வேலையை விட்டு வெளியே கூலி வேலைக்குப் போவது எளிதாயிற்று. ஆனால் விளைச்சலிலோ, வருமானத்திலோ, சொத்திலோ பெரிய மாற்றம் இல்லை என்று அவர்கள் கண்டார்கள். எனக்கு இது வியப்பளிக்கவில்லை. கொண்டுபோக விளைச்சலும், வைத்திருக்க நிலமும், ஏற வண்டியும் உள்ளவனுக்குச் சாலை உடனே பயன்படுகிறது. வெறுங்கையோடு நிற்பவனுக்கு அதனோடு வேறு சிலவும் வேண்டும்.

இந்த அனுபவத்துக்குப்பின் நான் வேதத்தில் இரண்டு பகுதிகளை வேறுவிதமாக வாசிக்கிறேன். ஏசாயா 40ஆம் அதிகாரத்தில், சிறைப்பட்ட ஜனத்துக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கும் தீர்க்கதரிசி ஒரு பாதையைக் குறித்துப் பேசுகிறார். தாழ்ந்த இடம் நிரப்பப்படாமல் அந்தப் பாதை முடிவதில்லை. மற்றது, லூக்கா 15ஆம் அதிகாரத்து மேய்ப்பன். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது என்பது எந்த அலுவலகத்திலும் பாராட்டுக்குரிய வெற்றி. என் சேகர அறிக்கையிலும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் நம் ஆண்டவர் சொன்ன கதையில் கணக்கு அங்கே முடியவில்லை.

அந்த ஓடைக்குப் பாலம் ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது. அதற்குள் எனக்கு இடமாற்றம் ஆகிவிட்டது. பாட்டியம்மாவும் காலமாகிவிட்டார்கள். அவர்களிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று அந்தத் தம்பி கேட்டால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அன்று ஜெபம் பண்ணிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். ஜெபத்தைவிட மன்னிப்புக் கேட்பது கடினமாயிருந்தது.

ஆகவே உங்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். ஒன்று, நம் ஆலயப் படிகள். சென்ற ஆண்டு அவற்றுக்குப் புதுக் கல் பதித்தோம். ஆனால் சக்கர நாற்காலியில் வரும் இருவரை இன்றும் நாற்காலியோடு தூக்கித்தான் உள்ளே கொண்டுவருகிறோம். சாய்தளம் அமைப்பது மூன்று கமிட்டிக் கூட்டங்களாகத் தள்ளிப்போகிறது. அடுத்த கூட்டத்தில் அதை முதல் பொருளாக வைக்கும்படி கேட்கப்போகிறேன். மற்றொன்று, அக்டோபர் 2ஆம் நாள் கிராம சபை கூடும். உங்கள் சொந்த ஊராட்சியில் சாலை, குடிநீர்க் குழாய், தெருவிளக்கு எதைக் குறித்துப் பேசினாலும், அது எந்த வீட்டோடு முடிகிறது என்று எழுந்து கேளுங்கள். அதற்கு அப்பால் இருப்பவர்கள் கூட்டத்துக்கு வந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். வரவில்லையென்றால், அவர்களைக் கேட்காமல் "போதும்" என்று சொல்லிவிடாதேயுங்கள். அந்தச் சொல்லை நான் ஒருமுறை சொன்னேன்.

ஜெபம்: பிதாவே, எங்களுக்குக் கிடைத்ததில் மனநிறைவடைந்து, கிடைக்காதவர்களை மறந்துபோன வேளைகளை எங்களுக்கு மன்னியும். எங்கள் வாசலுக்கு அப்பால் பார்க்கும் கண்களைத் தாரும். ஆமென்.

உங்கள் ஜெபங்களில் என்னையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் போதகர்