டாப் ஸ்டேஷனுக்கு ஏறிய ரயில்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாகக் கிழக்கே போகும் பஸ்ஸில் ‘டாப் ஸ்டேஷன்’ என்று எழுதியிருக்கும். போய் இறங்கினால் ஸ்டேஷன் எதுவும் கிடையாது. சாலையோரக் கடைகள், குளிர்காற்று, பனி விலகும்போது காலடியில் விரியும் தேனி மாவட்டத்துச் சமவெளி, அவ்வளவுதான். வருகிறவர்கள் பள்ளத்தாக்கைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள்.

ஆனால் அந்தப் பெயர் பொய்யல்ல. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில், கேரள எல்லையை ஒட்டித் தமிழ்நாட்டுப் பக்கம் இருக்கும் இந்தச் சிற்றூர், குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில்பாதையின் கடைசி நிலையமாக இருந்தது.

தேயிலைக்காக வந்த ரயில் அது. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ இந்த மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. தேயிலை விளைந்துவிட்டது; அதைக் கீழே இறக்குவது எப்படி? மேற்கே காடும் மலையுமாக நெடுந்தூரம். கிழக்கே மலை செங்குத்தாக இறங்கினாலும் அடிவாரத்திலேயே போடிநாயக்கனூர். தோட்டத்துக்கு வேண்டிய அரிசியும், கொழுந்து கிள்ள வந்த தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களும் ஏறியது இந்தக் கிழக்குப் பக்கமாகத்தான். தேயிலையும் அதே வழியில் இறங்கியது.

1902இல் முதலில் போட்டது ஒற்றைத் தண்டவாளம். ஈவிங் முறை என்று அதற்குப் பெயர். வண்டியின் அடியில் வரிசையாக இருக்கும் சிறு சக்கரங்கள் அந்த ஒரே தண்டவாளத்தில் உருளும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரிய சக்கரம் மண்சாலையில் ஓடும். பாரத்தில் பெரும்பங்கு தண்டவாளத்தின் மேல். வண்டி சாயாமல் பிடித்துக்கொள்வது பெரிய சக்கரத்தின் வேலை. இழுத்தவை காளைகள். சேற்றில் கட்டைவண்டி அச்சுவரை புதையும் மழைநாட்டில், இரண்டு காளைகளின் வலுவை வீணாக்காமல் பயன்படுத்த ஒருவர் யோசித்த வழி இது. இந்த எளிமையில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. இதே முறையில் ஓடிய பாட்டியாலா ரயிலின் எஞ்சினும் பெட்டியும் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூணாறின் காளை ரயிலுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை.

1908இல் ஒற்றைத் தண்டவாளம் போய், இரண்டடி அகலக் குறும்பாதையும் நீராவி எஞ்சினும் வந்தன. மூணாறில் கிளம்பிய வண்டி மாட்டுப்பட்டி, பாலாறு நிலையங்களைக் கடந்து டாப் ஸ்டேஷனில் நின்றுவிடும். அதற்கப்பால் மலையே இல்லை, சரிவுதான். அங்கே தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்துக்கு மாறின. ஏறத்தாழ 5 கி.மீ. தூரம் அந்தரத்தில் தொங்கியபடி இறங்கிக் கொட்டகுடியைச் சேர்ந்தன. மேலே இருப்பது டாப் ஸ்டேஷன் என்றால் கொட்டகுடி பாட்டம் ஸ்டேஷன். நடுவழியில் ஒரு சென்ட்ரல் ஸ்டேஷன். கொட்டகுடியிலிருந்து மாட்டுவண்டியில் 15 கி.மீ. போனால் போடி.

1924 ஜூலையில் மழை பிடித்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் இன்றும் ‘தொண்ணூற்றொன்பதாம் வருஷத்து வெள்ளம்’ என்றுதான் சொல்கிறார்கள். மூன்று ஆறுகள் கூடும் இடம் என்பதாலேயே மூணாறு என்று பெயர்பெற்ற ஊர், அந்த ஆறுகளிடமே அகப்பட்டுக்கொண்டது. மலைகள் சரிந்தன. மாட்டுப்பட்டிப் பக்கம் மண்ணும் மரங்களும் அடைத்துத் தேங்கிய நீர் ஒருநாள் உடைத்துக்கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். பாதை பல இடங்களில் அடையாளமின்றிப் போயிற்று. தண்டவாளத்தை மறுபடி போடவேயில்லை. காளைகளின் காலத்தையும் சேர்த்து இந்தப் பாதைக்கு ஆயுள் 22 ஆண்டுகள்தான்.

மூணாறில் ஸ்டேஷனாக இருந்த கட்டடம் பின்னாளில் தேயிலைக் கம்பெனி அலுவலகமானது. மற்றபடி, கட்டடமாகக் காட்ட அதிகமில்லை. எஞ்சியிருப்பதில் பெரியது பெயர்தான். சென்ட்ரல் ஸ்டேஷன் இன்றைக்குச் சில வீடுகள் கொண்ட மலைக்குடியிருப்பு. அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது ஊர்ப்பெயர், ரயில் சம்பந்தப்பட்ட சொல்லே அல்ல. கல்லும் இரும்பும் போனபின் ஒரு பாதையைத் தங்கள் விலாசத்தில் சுமந்துகொண்டிருக்கும் இந்த ஊர்களில், பெயர்க்காரணம் சொல்லும் ஒரு பலகையாவது நட்டுவைக்க வேண்டும். கம்பெனி வரலாறு புத்தகங்களில் பத்திரமாக இருக்கிறது. தண்டவாளத்துக்குக் கல் உடைத்தவர்களுக்கும் பெட்டிகளைக் கம்பியில் மாட்டியவர்களுக்கும் அந்த ஒரு பலகையாவது மிஞ்சட்டும்.

மனத்தை அரிக்கும் கணக்கு ஒன்று உண்டு. மதுரையிலிருந்து போடிக்கு மீட்டர்கேஜ் ரயில் வந்தது 1928இல். மேலே ஒரு ரயிலும் கீழே ஒரு ரயிலுமாக ஒரே மலையின் இரு முனைகளில் நின்றிருக்க வேண்டியவை, நான்கு ஆண்டு இடைவெளியில் ஒன்றையொன்று பார்க்காமலே போயின. போடிப் பாதையும் இரண்டாம் உலகப்போரின்போது பிடுங்கப்பட்டு, மீண்டும் போடப்பட்டு, அகலப்பாதைக்காக 2010 முடிவில் மூடப்பட்டு, 2023 ஜூனில்தான் திரும்ப உயிர்பெற்றது.

இப்போது சென்னையில் இரவு ரயிலேறினால் காலையில் போடியில் இறங்கலாம். அங்கிருந்து குரங்கணி வரை பஸ் போகிறது. அதற்குமேல், தேயிலைப் பெட்டிகள் தொங்கி இறங்கிய அந்தச் சரிவில், வனத்துறையின் அனுமதி வாங்கிக்கொண்டு நடந்துதான் ஏற வேண்டும்.