சுழலும் வட்டு, சுழலாச் சில்லு

பதினொன்றாம் வகுப்பு மாணவர்களிடம் தத்தம் ஊர்ப் பாடல்களைத் திரட்டிவரச் சொல்வது என் நெடுநாள் வழக்கம். தாலாட்டும் நடவுப் பாட்டும் எளிதில் கிடைத்துவிடும். ஒப்பாரி அப்படியன்று. துக்கமில்லாத வீட்டில் ஒப்பாரி பாடப் பெண்கள் விரும்பமாட்டார்கள். களத்துமேட்டிலோ தோப்பிலோ அமர்ந்துதான் பாடித் தருவார்கள். ஒருமுறை பாடியதை மறுமுறை அப்படியே பாடுவதும் இல்லை. அடிகள் மாறும், இடையே வரும் பெயர்கள் மாறும். எனவே, மாணவர்கள் கைப்பேசியில் பதிந்துவரும் ஒலிக்கோப்பு ஒவ்வொன்றும் அந்த ஒரு வேளைக்கே உரியது. அவற்றை என் மடிக்கணினியில் சேர்த்துவந்தேன்.

அக்கணினியில் இருந்தது சுழலும் வகை வன்தட்டு. 2011ஆம் ஆண்டு தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கிய காலத்தில் பெரும்பாலான மடிக்கணினிகளில் அதுவே இருந்தது. ஒருநாள் அதிலிருந்து சீரான இடைவெளியில் ‘டிக், டிக்’ என்று ஓசை எழுந்தது. பழுதுபார்ப்பவர் காதருகே வைத்துக் கேட்டார். “ஐயா, வண்டியில பேரிங் போற மாதிரிதான் இது. இன்னைக்கே எல்லாத்தையும் வெளியில எடுத்துடுங்க” என்றார். அன்றிரவே பாடல்கள் அனைத்தும் வேறிடம் சேர்ந்தன. இரு வாரம் கழித்து அந்த வன்தட்டு அடங்கிப்போயிற்று.

அவரே பழைய வன்தட்டு ஒன்றைத் திறந்து காட்டினார். உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற வட்டு. மடிக்கணினி வட்டுகள் பலவும் உண்மையில் கண்ணாடியால் ஆனவையே. அதன்மேல் காந்தப் பூச்சு. நிமிடத்திற்கு 5400 முறை சுழலும்போது வட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. படிக்கும் முனையோ வட்டைத் தொடாமல், சில நானோமீட்டர் உயரத்தில் காற்றில் மிதக்கிறது. நம் தலைமயிரின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்றால் அந்த இடைவெளியை எண்ணிப் பாருங்கள். ஒரு தூசு போதும், ஓர் அதிர்ச்சி போதும். முனை தன் தடத்தைக் காணாமல் மீண்டும் மீண்டும் தேடித் தவிக்கும் ஓசைதான் நான் கேட்டது.

1956இல் ஐ.பி.எம். நிறுவனம் உருவாக்கிய முதல் வன்தட்டு, 24 அங்குல வட்டுகள் 50 கொண்டது. அது தாங்கியது ஐம்பது இலட்சம் எழுத்துகளை மட்டுமே. இன்று கைப்பேசியில் பதியும் ஒரே ஒரு நீண்ட ஒப்பாரிக்கே அவ்விடம் போதாது.

இப்போது மடிக்கணினிகளில் வருவது திண்மநிலை நினைவகம். எஸ்.எஸ்.டி. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அதில் வட்டே கிடையாது. ஆயினும் மாணவர்கள் அதையும் ‘ஹார்டு டிஸ்க்’ என்றே அழைக்கிறார்கள். பெயர் பொருளைவிட நீண்ட ஆயுள் உடையது போலும்! ஜப்பானியப் பொறியாளர் ஃபுஜியோ மசுவோகா 1984இல் அறிவித்த ஃபிளாஷ் நினைவகமே இதன் அடிப்படை. சில்லில் உள்ள நுண்ணறைகளில் எலக்ட்ரான்களை அடைத்துவைப்பதே இதில் எழுதுதல். ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் அறையின் காப்புச்சுவர் சிறிது தேய்கிறது. ஓரறையில் மூன்று பிட்டுகளை வைக்கும் வகை, ஏறத்தாழ 1000 முதல் 3000 முறை வரை இதைத் தாங்கும். ஒரே இடம் தேயாதபடி எழுத்துகளைப் பல அறைகளுக்கும் பங்கிட்டு, எது எங்கே இருக்கிறது என்று கணக்கு வைப்பது கட்டுப்படுத்திச் சில்லின் வேலை.

பேருந்து நெரிசலில் பையைத் தூக்கிச் செல்லும் மாணவருக்கு நான் எஸ்.எஸ்.டி.யையே பரிந்துரைப்பேன். அசையும் உறுப்பு இல்லாததால் குலுங்கினாலும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், அது சாகும்போது பெரும்பாலும் ஓசை எழுப்புவதில்லை. என் நண்பரான தமிழாசிரியர் ஒருவர், மாலையில் நன்றாக இயங்கிய கணினியை மறுநாள் காலையில் திறந்தார். நினைவகம் இருப்பதையே கணினி அறியவில்லை. கட்டுப்படுத்திச் சில்லு பழுதாகியிருந்தது. அறைகளில் பாடல்கள் இருந்திருக்கலாம். அவற்றின் கணக்கு போய்விட்டது. விலை குறைந்த சில கணினிகளில் நினைவகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். கழற்றிப் பார்க்கவும் வழியில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதும் ஆயுள் முழுதும் தீர்ந்த எஸ்.எஸ்.டி., மின்சாரம் இன்றி, 30 டிகிரி வெப்பநிலையில் ஓராண்டு தரவைக் காத்தால் போதும் என்பதே வீட்டுக் கணினிகளுக்கான தொழில்தரம். நம் ஊர்ச் சித்திரை வெயில் 30 டிகிரியோடு நிற்பதில்லை. ஆகவே, எங்கள் பாடல்களின் ஒரு படி அன்றாடம் இயங்கும் எஸ்.எஸ்.டி.யிலும், மற்றொரு படி பள்ளி அலமாரியில் சுழலும் வகைப் புறவட்டிலும், மூன்றாவது படி முன்னாள் மாணவர் ஒருவர் வீட்டிலும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜூன் மாதம் அலமாரி வட்டைச் சுழலவிட்டு, சில கோப்புகளைத் திறந்து கேட்கிறோம்.

நண்பர் இழந்த பாடல்கள் பதினொன்று. அவற்றுள் நான்கு, பதிந்த மாணவர்களின் கைப்பேசிகளில் கிடைத்தன. பாடியவர்களைத் தேடி மீண்டும் ஊர்களுக்குச் சென்றார். மூன்று பாட்டிமார் பாடித் தந்தனர், அடிகள் மாறியிருந்தன. எஞ்சிய நான்கையும் பாடியவர் ஒருவரே. அவர் தை மாதம் காலமாகியிருந்தார்.