முனியாண்டி கோயில் தாண்டி மூணாவது லயம்

தம்பி மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளை எல்லாம் தம்பி மகன் கைப்பேசி வரைபடத்தில் ஏற்றிக்கொண்டிருந்தான். அம்மாவின் பழைய நோட்டில் இருந்த விலாசங்கள்தான் மூலம். தாமான் வீடுகள் சொன்னபடி போய் உட்கார்ந்தன. வீட்டு எண், ஜாலான், தாமான் பெயர், அஞ்சல் எண் என்று நாலும் இருந்தால் வரைபடம் கூரையையே தொட்டுக் காட்டுகிறது. தோட்டத்து விலாசங்கள்தான் பிடிபடவில்லை. பகாவ் பக்கத்து வீடுகள் எல்லாம் பகாவ் பட்டணத்து நடுவில் ஒரே புள்ளியில் போய் நின்றன. ரந்தாவ் வீடுகளும் அப்படித்தான்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "இது யாரு வீடுடா? இங்க நம்மாளுங்க யாரும் இல்லியே."

கணினி விலாசத்தைத் துண்டுதுண்டாகப் பிரித்துத் தேடுகிறது. நெகிரி செம்பிலான் தெரியும். 72100 என்றால் பகாவ், 71200 என்றால் ரந்தாவ், அதுவும் தெரியும். அதற்கு மேல் சாலைப் பெயரும் வீட்டு எண்ணும் கிடைத்தால், அந்தச் சாலையில் எந்த எண் எங்கே வரும் என்று கணக்குப் போட்டுப் புள்ளி வைக்கும். "இரண்டாவது டிவிஷன், மேல் லயம்" என்று இருந்தால் அதற்குப் பிடிமானம் இல்லை. தெரிந்த மட்டத்துக்கு ஏறிப்போய் ஊரின் மையத்தில் நிறுத்திவிடும்.

எங்கள் லயத்துக்கு என்றைக்குமே சொந்த விலாசம் இருந்ததில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் கடிதம் ஆபீசுக்கு வரும். கிராணி பெயர் பார்த்துப் பிரித்துவைப்பார். காகிதத்தில் இருந்தது தோட்டத்தின் விலாசம், அதாவது முதலாளியின் விலாசம். வேலை போனால் அதுவும் போயிற்று. எங்களுக்குள் வழி சொல்லிக்கொள்ள நாங்களே ஒன்று வைத்திருந்தோம். ஏழாங்கட்டையில் இறங்கு, செம்மண் சடக்கில் திரும்பு, முனியாண்டி கோயில் தாண்டி மூணாவது லயம், குழாயடிக்கு எதிர்வீடு. நாடு மைலை விட்டுக் கிலோமீட்டருக்கு மாறியது. ஏழாங்கட்டை ஏழாங்கட்டையாகவே நின்றது.

சிலியாவ் பக்கம் இருந்த கிழவர்கள் ரயிலை வைத்து வழி சொல்வார்கள். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் போட்ட இருப்புப்பாதை அது. தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்டாலே பாதி வழி தெரிந்துவிடும். காட்டுக்குள் போனால் நட்ட வருஷம்தான் அடையாளம். எழுபத்திரண்டு காடு, எண்பத்தொன்பது காடு என்பார்கள்.

தம்பி மகன் விட்டபாடில்லை. புள்ளிகள் சரியாக விழுந்தால் எந்த வீட்டுக்கு முதலில், எந்த வீட்டுக்கு அடுத்து என்று வரைபடமே சொல்லிவிடும் என்றான். அவன் சொன்னது மெய்தான். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு மிகக் குறுகிய வழி காண்பதை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர் 1956இல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக்கடையில் உட்கார்ந்து, பேனா பேப்பர் இல்லாமல், இருபதே நிமிடத்தில் யோசித்து முடித்தார். பல வீடுகளைச் சுற்றி வீடு திரும்புவதுதான் பெரிய சிக்கல். பத்து வீடு என்றாலே 18 லட்சத்துக்கும் அதிகமான வரிசைகள் உண்டு. ஒரு வீடு கூடினால் அது இரண்டு கோடியை நெருங்கும்.

அம்மா இந்தக் கணக்கைத் தினமும் காலால் போட்டவள். பால் வெட்டு நாளில் அவளுக்கு நானூறு, ஐந்நூறு ரப்பர் மரம். விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு முதல் மரத்தில் கத்தி வைத்தால் நிரை நிரையாக வளைந்து கடைசி மரம் வரை போவாள். பால் வடிய நேரம் வேண்டும். முதலில் வெட்டிய மரம் முதலில் வடிந்து நிற்கும். அதனால் பால் எடுப்பதும் அதே வரிசையில்தான். அவள் சொல்லித் தந்தது இன்னொன்று. கடைசியாக எடுக்கும் மரங்கள் பால் கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வாளி நிறைந்து காண்டாக் கம்பு தோளை அழுத்தும் நேரத்தில் நடை குறைய வேண்டுமே. தொடங்குகிற மரம் தூரத்தில் இருந்தால் பரவாயில்லை, கை வீசிப் போகலாம். நடையின் நீளத்தை மட்டும் பார்க்காமல், எந்த இடத்தில் எவ்வளவு சுமை இருக்கும் என்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. சரக்கு வண்டிகளுக்கு வழி வகுக்கிறவர்களும் இதைத்தான் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒரு தலைமுறைப் பெண்களுக்கு இவ்வளவு அறிவு இருந்ததை ஒரு செக்ரோல் புத்தகமும் எழுதிவைக்கவில்லை. எத்தனை ராத்தல் என்று மட்டும் எழுதியது. எனக்கு அது இன்றும் ஆறாத மனக்குறை.

ஒருவழியாக வரைபடம் வழியை வகுத்தது. சிரம்பானிலிருந்து லாபு, பிறகு ரந்தாவ், சிலியாவ். அடுத்த நாள் கோலப்பிலா, பகாவ், ரொம்பின், கெமாஸ், கெமெஞ்சே, தம்பின், ரெம்பாவ் என்று ஒரு பெரிய வட்டம். அழகான வட்டம்தான். அம்மா தலையாட்டவில்லை.

"பொண்ணுக்குத் தாய்மாமன் பகாவுல இருக்கான். அவன் வீட்டுக்கு வைக்காம ரந்தாவுல ஒரு பத்திரிகை வைக்க முடியுமா?"

முடியாது. பக்கத்தில் இருக்கிற வீட்டை விட்டு, புக்கிட் பூத்துஸ் ஏறி இறங்கி, முதல் தாம்பூலம் அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்; ஞாயிறு நாலரைக்கு ராகு காலம் வந்துவிடும். ஒன்றுவிட்ட அத்தை இருக்கும் தோட்டத்தில் பொழுது சாய்ந்தால் ஜாகா கேட்டைப் பூட்டிவிடுவார். செம்பனைக்குள் போகும் சடக்குகள் வரைபடத்தில் கோடுகோடாகத் தெரியும், கேட்டு மட்டும் தெரியாது. இத்தனையையும் அவன் பொறுமையாகக் கேட்டு ஒவ்வொன்றாகச் சேர்த்தான். மாமனை முதலில் பூட்டிவைத்து மற்றதை அதற்குப் பிறகு அடுக்கியபோது, தூரம் கூடினாலும் சண்டை வராத வழி கிடைத்தது.

தோட்டத்து வீடுகளுக்கு அம்மாதான் புள்ளி வைத்தாள். வானிலிருந்து எடுத்த படத்தை அவன் பெரிதாக்கிக் காட்ட, விரலால் தடவிக்கொண்டே போனாள். கோயில் கோபுரம் தெரிந்தது, அதிலிருந்து பிடித்துக்கொண்டாள். அவள் நிறுத்திய இடத்தின் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் தசமப் புள்ளிக்குப் பின் நாலு இலக்கம் வரை அவன் குறித்தான். அந்த நாலு இலக்கம் ஒரு இடத்தைச் சுமார் 11 மீட்டர் அளவுக்குச் சுட்டும். குழாயடியையும் எதிர்வீட்டையும் பிரித்துக் காட்ட அது போதும்.

ஆனால் பல இடங்களில் விரல் நின்ற இடத்தில் செம்பனைதான் இருந்தது, இல்லாவிட்டால் தாமான் கூரைகள். தோட்டம் போன பிறகும் தமிழ்ப்பள்ளிகள் அந்தப் பெயரைச் சுமக்கின்றன. லாடாங் கெர்பி, லாடாங் லின்சம், லாடாங் ஜெராம் பாடாங், லாடாங் ரீஜண்ட் என்று பள்ளிகளின் பெயரை வாசித்தாலே மாநிலத்துத் தோட்டங்களை ஒரு சுற்று சுற்றி வரலாம். ஆனால் நாட்டில் பல பள்ளிகள் இடம் மாறியும் பழைய பெயரோடு இருப்பதால், பெயரைத் தட்டித் தேடினால் பள்ளி கிடைக்கும், தோட்டம் கிடைக்காது.

அம்மாவுக்கு ஆயாக் கொட்டகையையும் குறிக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் தூளியில் கிடந்த இடம். யார் வேண்டுமானாலும் சேர்த்து வரையலாம் என்று 2004இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் தம்பி மகன் முயன்றான். இன்று தரையில் இருப்பதைத்தான் அதில் வரையலாம், இடித்துப்போனதற்கு இடமில்லை என்பது அங்கே விதி. வழிகாட்டும் வரைபடத்துக்கு அது நியாயமான விதிதான். இடித்துப்போனவற்றுக்கு ஓப்பன்ஹிஸ்டாரிக்கல்மேப் என்று தனியாக ஒன்று உண்டு. எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை இருந்தது என்று போட்டு அதில் ஏற்றலாம். கொட்டகை எப்போது கட்டியது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. தாய்மாமனின் அப்பா அந்தத் தோட்டத்தில் தண்டலாக இருந்தவர், அவரைக் கேட்டால் தெரியும் என்றாள். எப்படியும் பகாவுக்குத்தான் முதலில் போகிறோம். கேட்க வேண்டியதை எல்லாம் தம்பி மகன் அவளுடைய நோட்டின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினான்.